சர்க்கரைவள்ளிக்கிழங்கு ரோஸ்ட், இனிப்பும் காரமுமாக, சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி வர என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஓவனில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ரோஸ்ட் செய்தால் ஓரம் கருகுகிறது, நடுவில் சொதசொதவென்று இருக்கிறது. தேன், சிரப் ஊற்றச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்துச் செய்தால் பலகாரம் சாப்பிடுவது போலத் திகட்டுகிறது, சாதத்தோடு சேரவில்லை. உருளைக்கிழங்கு ரோஸ்ட் மாதிரி தொட்டுக்கொள்ள வேண்டும், கிழங்கின் இனிப்பும் போகக்கூடாது, காரசாரமாகவும் இருக்க வேண்டும். எப்படிச் செய்வது?"

உங்கள் ஓவனில் ஒரு குறையும் இல்லை. உருளைக்கிழங்குக்கான முறையை இந்தக் கிழங்குக்கு அப்படியே பயன்படுத்துகிறீர்கள், சிக்கல் அங்கேதான். பெயரிலும் தோற்றத்திலும் இரண்டும் கிழங்கு என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய உறவு கிடையாது. உருளை, கத்தரி தக்காளிக் குடும்பம். சர்க்கரைவள்ளியோ, குளத்தங்கரையில் ஊதாப் பூவோடு மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் நாம் பொரியல் செய்யும் வள்ளைக்கீரைக்கும் பங்காளி. சூடு பட்டால் உள்ளே நடக்கும் வேலையும் வேறு. அந்த வேலை என்ன என்று புரிந்துவிட்டால் குறிப்பே தேவைப்படாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே இதற்குச் சீனிக்கிழங்கு என்று பெயர். மார்கழி, தை மாதங்களில் ஆச்சி ராத்திரிச் சமையல் முடிந்ததும் விறகடுப்பில் மிச்சமிருக்கும் தணலைச் சாம்பலால் மூடி, அதற்குள் முழுக் கிழங்காக நாலைந்தைப் புதைத்து வைப்பார். காலையில் எடுத்தால் தோல் சுருங்கி, வெடித்த இடத்தில் பாகு கசிந்து கருஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும். அதே கிழங்கை குக்கரில் மூன்று விசில் விட்டு அவித்தால் அந்த ருசியில் பாதிகூட வராது. சின்ன வயதில் அதைப் புகையின் மணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மணத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் முக்கியமான காரணம் நேரம்.

பச்சைக் கிழங்கை ஒரு கடி கடித்துப் பாருங்கள். கேரட் அளவுக்குத்தான் இனிக்கும். தண்ணீரைக் கழித்துவிட்டால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மாவுச்சத்து. சுட்ட கிழங்கில் நாம் ருசிக்கும் இனிப்பில் பெரிய பங்கு மால்டோஸ் என்ற சர்க்கரை. பச்சைக் கிழங்கில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வேகும்போதுதான் உண்டாகிறது. கிழங்கிலேயே பீட்டா அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. மாவுச்சத்தை இரண்டிரண்டு கண்ணியாக வெட்டி மால்டோஸாக்குவது அதன் வேலை. ஆனால் மாவுச்சத்து சூட்டில் உப்பி இளகினால்தான் அந்த நொதியால் அதை வெட்ட முடியும். அது இளக ஆரம்பிப்பது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு. நொதியோ 80 டிகிரியை நெருங்கும்போது செத்துவிடும். ஆக, தோராயமாக 60 முதல் 75 டிகிரி வரை ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கிழங்கு அந்தச் சந்துக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இனிப்பு.

சாம்பலுக்குள் புதைத்த முழுக் கிழங்கு அந்தச் சந்தை மணிக்கணக்கில் மெதுவாகக் கடக்கிறது. 220 டிகிரி ஓவனில் போட்ட சின்னத் துண்டு சில நிமிடத்தில் தாண்டிப் போய்விடும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம், வெந்திருக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். ஜப்பானில் குளிர்காலத்தில் வண்டியில் வைத்து விற்கும் யாகி இமோவும் இதே கணக்குதான். சுட்ட கூழாங்கற்களுக்கு நடுவே முழுக் கிழங்கைப் போட்டு அவசரப்படாமல் சுடுவார்கள். வெறும் கிழங்கு, மேலே எதுவும் தூவுவதில்லை, ஆனால் தேன் போல இனிக்கும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இது. இனிப்பைக் கிழங்கிடமிருந்தே வாங்க வேண்டும். நாம் வெளியிலிருந்து சேர்ப்பது உப்பும் புளிப்பும் காரமும். தேனும் சிரப்பும் ஊற்றும் குறிப்புகளில் கிழங்கை வேகமாகச் சுட்டு, வராத இனிப்பைப் பாட்டிலிலிருந்து ஈடுகட்டுகிறார்கள். அதனால்தான் மேலே இனிப்பு, உள்ளே மாவு என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கிறது.

கிழங்கு வாங்கும்போதே பாதி காரியம் முடிந்துவிடும். நம் ஊர்க் கடையில் சிவப்புத் தோல், வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சதை உள்ளதுதான் அதிகம் கிடைக்கும். அது மாவுப்பாங்கானது, ரோஸ்ட்டுக்கு மிக நன்றாக வரும். வெளிநாட்டில் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஆரஞ்சுச் சதைக் கிழங்கு ஈரப்பாங்கானது, வெந்ததும் தளதளவென்று ஆகிவிடும். அமெரிக்காவில் பரவலாக விற்கும் போரிகார்ட் ரகம் 1987-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, அதுவும் இந்த வகைதான். நீங்கள் சொல்லும் 'சொதசொத' அனேகமாக ஆரஞ்சுக் கிழங்கின் வேலை. அங்கே இருப்பவர்கள் ஆசியக் கடைகளில் ஜப்பானியக் கிழங்கு என்று ஊதாச் சிவப்புத் தோலோடு, உள்ளே வெளிர்மஞ்சளாக விற்பதை வாங்கிப் பாருங்கள். நம் சீனிக்கிழங்கின் குணம் அதில் இருக்கும். ஆரஞ்சுதான் கிடைக்கிறது என்றாலும் செய்யலாம், அதற்கான மாற்றத்தைக் கீழே சொல்கிறேன்.

அந்த ஆரஞ்சு நிறத்தைக் குறைவாகவும் நினைக்க வேண்டாம். அந்த நிறம் பீட்டா கரோட்டீன், உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறுவது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க இந்தக் கிழங்கைப் பரப்பிய வேலையை முன்னிட்டுத்தான் 2016-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு மரியா அந்த்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோருக்கு ஹோவர்த் பூயிஸுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பூ சோனா என்ற ஆரஞ்சு ரகத்தையும் பூ கிருஷ்ணா என்ற ஊதாச் சதை ரகத்தையும் வெளியிட்டிருக்கிறது. எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கையில் எடுத்ததும் கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். நடுத்தரப் பருமனில் இரண்டு முனையும் ரொம்பச் சிறுக்காமல் இருந்தால் துண்டுகள் ஒரே அளவில் வரும். தோலில் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள், அதைச் சுற்றிக் கறுப்பு இருந்தால் கூன்வண்டு துளைத்தது. அந்தக் கிழங்கை எவ்வளவு செதுக்கினாலும் கசப்பு போகாது, வண்டு துளைத்த இடத்தில் கிழங்கு உண்டாக்கும் கசப்புப் பொருள்கள் உடம்புக்கும் நல்லதில்லை. ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெப்பநாட்டுக் கொடியில் விளைந்தது இது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே சேதமாகும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் ஒரு கட்டி வேகாமலே நிற்கும். காற்றோட்டமான கூடையில் கிடக்கட்டும். தோண்டிய அன்றே சமைப்பதைவிட ஒன்றிரண்டு வாரம் கிடந்த கிழங்கு இனிக்கும்.

சரி, சமையலுக்கு வருவோம். நாலு பேருக்குத் தொட்டுக்கொள்ள முக்கால் கிலோ கிழங்கு போதும். மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். தோல் மெல்லியதாக இருந்தால் நான் சீவுவதில்லை, தோல்தான் முதலில் முறுகும். முதிர்ந்த கிழங்கு என்றால் சீவிவிடலாம். நறுக்கும்போது பால் கசிந்து விரல் பிசுபிசுக்கும், கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது. துண்டு ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு அங்குலக் கனம் இருக்கட்டும். உருளை ரோஸ்ட்டுக்கு நறுக்குவது போலப் பொடியாக நறுக்கினால் உள்ளே வேகுமுன் ஓரம் கருகும். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் நிறம் மாறும்.

இப்போது அந்தச் சந்தில் கிழங்கை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு எந்தப் புதுக் கருவியும் வேண்டாம், இட்லி, சப்பாத்தி போட்டு வைக்கும் ஹாட் பாக்ஸ் போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஹாட் பாக்ஸில் ஊற்றி, அதோடு அரை லிட்டர் சாதாரணத் தண்ணீர் சேருங்கள். இரண்டும் கலந்தால் 80 டிகிரி அளவுக்கு வரும். ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு, நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரை வடித்துவிட்டு அதில் இறக்குங்கள். பச்சைக் கிழங்கு உள்ளே போனதும் சூடு 70-க்குக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். மூடியை இறுக்கி முக்கால் மணி நேரம் திறக்காமல் விடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் இந்த அளவு தவறாது. குளிர் நாட்டில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும் என்றால் சாதாரணத் தண்ணீரைக் கால் லிட்டராகக் குறையுங்கள்.

இந்த முக்கால் மணி நேரத்தில் இன்னொரு நன்மையும் நடக்கிறது. இதே சூட்டில் இருக்கும்போது கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருள் இறுகும். பிறகு நன்றாக வெந்தாலும் துண்டு உடைந்து மாவாகாது, முனை முறியாமல் நிற்கும். ஆரஞ்சுக் கிழங்குக்கு இது பெரிய உதவி. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டுச் செய்து பாருங்கள், அடுத்த முறை செய்தும் பாருங்கள். ஒரே கூடைக் கிழங்கா என்று சந்தேகம் வரும்.

பிறகு தண்ணீரை வடித்து, துண்டுகளை ஒரு பருத்தித் துணியில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இங்கே பொறுமை வேண்டும். மேலே ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாத வரை சிவக்காது, ஆவியில் வெந்துகொண்டுதான் இருக்கும். ஈரம் உலர்ந்ததும் இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, அரை டீஸ்பூன் சோம்புத்தூள், அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கையால் புரட்டுங்கள். அரிசி மாவு நம் வீட்டு வறுவல்களின் பழைய உத்தி. ஈரத்தை உறிஞ்சி மேலே மெல்லிய மொறுமொறுப்பான ஓடு கட்டும். ஆரஞ்சுக் கிழங்கு என்றால் ஒன்றரை டேபிள்ஸ்பூன் போடுங்கள். மிளகாய்த்தூள் இப்போது வேண்டாம், 200 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் கிடந்தால் கறுத்துக் கமறும்.

எண்ணெயில் ஒரு கவனம். செக்கு நல்லெண்ணெயும் செக்குத் தேங்காயெண்ணெயும் மணமானவை, ஆனால் சூடான தட்டில் சீக்கிரம் புகையும், கசப்பு தட்டும். ரோஸ்ட் செய்வதற்கு ரீஃபைண்ட் கடலை எண்ணெய் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, நல்லெண்ணெயைக் கடைசித் தாளிப்புக்கு எடுத்து வையுங்கள்.

ஓவனை 210 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். தட்டில் துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி விட்டு, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்று குவித்தால் அவியும், வறுபடாது. நீங்கள் சொல்லும் சொதசொதப்புக்கு ஈரப்பாங்கான கிழங்கு ஒரு காரணம் என்றால் நெருக்கமாக அடுக்குவது இன்னொரு காரணம். இடம் போதவில்லையென்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். இருபது நிமிடம் தொடாதீர்கள். அதற்குள் அடிப்பக்கம் தானாகத் தட்டை விட்டு விலகிப் பொன்னிறமாகியிருக்கும், அப்போது திருப்பிப் போட்டு இன்னும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள், சுரண்டாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

அது ஓவனில் இருக்கும்போது பூச்சைத் தயார் செய்யலாம். பாதி நெல்லிக்காய் அளவு புளியைக் கால் கப் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, சின்னக் கடாயில் ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் பொடித்த வெல்லம். பச்சை வாசனை போகக் கொதித்து, கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி ஒழுகும் பதத்துக்கு வந்ததும் இறக்குங்கள். மொத்தமே இரண்டு டேபிள்ஸ்பூன்தான் தேறும். குறைவாகத் தெரியும், ஆனால் அதுதான் அளவு. இங்கே வெல்லம் இனிப்புக்காகப் போடுவதில்லை. புளியின் முனையை மழுக்கவும் பூச்சு கிழங்கில் பிடித்துக்கொள்ளவும்தான். இதற்குமேல் வெல்லம் போட்டால் திகட்டல் திரும்பி வந்துவிடும்.

துண்டுகள் இரண்டு பக்கமும் சிவந்த பிறகுதான் இதை ஊற்ற வேண்டும். ஊற்றிப் புரட்டி, மறுபடி ஓவனில் ஐந்து நிமிடம் மட்டும். முன்னாலேயே ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். முதல்முறை செய்தபோது வெல்லப்பாகையும் புளியையும் தொடக்கத்திலேயே பிசறி வைத்தேன். இருபது நிமிடத்தில் தட்டு முழுக்கக் கரி, கிழங்கோ நறுக்கென்று இருந்தது. வெல்லம் கருகியது எதிர்பார்க்கக்கூடியது. கிழங்கு வேகாததற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் எப்போதும் சொல்லும் காரணமே காரணம்: புளி விட்டால் காய் வேகாது. புளிப்பு இருக்கும் இடத்தில் காயின் பெக்டின் கரைய மறுக்கும். குழம்பில் காய் வெந்த பிறகு புளி விடுவது எதற்கோ, அதற்கே இங்கேயும்.

கடைசியாகத் தாளிப்பு. ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, பருப்பு சிவந்ததும் தோலோடு தட்டிய நாலு பல் பூண்டு, இரண்டு கொத்து கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். பூண்டு ஓரம் சிவந்ததும் அப்படியே கிழங்கின் மேல் கொட்டிக் கிளறுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எள்ளை வெறும் வாணலியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்து மேலே தூவுங்கள். எள் இந்தக் கிழங்கோடு சேர்வது போல வேறு எதுவும் சேராது என்பது என் அபிப்பிராயம். ஜப்பானியர்களின் டைகாகு இமோவில்கூடப் பொரித்த கிழங்கைச் சர்க்கரைப் பாகில் புரட்டிக் கறுப்பு எள்ளைத்தான் தூவுகிறார்கள். டைகாகு என்றால் பல்கலைக்கழகம், மாணவர்கள் விரும்பி வாங்கித் தின்ற பண்டம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். எள்ளின் லேசான கசப்பும் எண்ணெய்ப் பசையும் இனிப்பைக் கட்டுக்குள் வைக்கும்.

இனிப்புக் கிழங்கில் புளியும் காரமுமா என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கூட்டணி இல்லை என்று சொல்லுங்கள். டெல்லியில் குளிர்காலத் தெருக்களில் கரித்தணலில் சுட்ட கிழங்கைத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, கறுப்பு உப்பும் சாட் மசாலாவும் தூவி ஷகர்கந்தி சாட் என்று தருவார்கள். இன்னும் பின்னால் போனால், கிழங்கின் தாய்நிலமான அமெரிக்கக் கண்டத்திலேயே, தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், எலுமிச்சைச் சாற்றிலும் மிளகாயிலும் ஊறிய பச்சை மீனான செவிச்சேக்குப் பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளித் துண்டு ஒன்று கட்டாயம் இருக்கும். புளிப்பும் உறைப்பும் நாக்கைச் சுடும்போது ஒரு கடி கிழங்கு. கிழங்கு பிறந்த ஊர்க்காரர்களே அதை அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

அங்கே பிறந்த கிழங்குக்கு நாம் வள்ளி என்று பெயர் வைத்ததும் ஒரு அழகு. வள்ளிக்கிழங்கு என்பது நம் காட்டுக் கொடிக்கிழங்கு. அதைத் தோண்டிய குழியில்தான் வள்ளியைக் கண்டெடுத்தார்கள் என்று முருகன் கதை சொல்கிறது. கடல் கடந்து வந்த இரண்டு கிழங்குகளை நம் மக்கள் அந்தப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள், ஒன்றை மரவள்ளி என்றும் இன்னொன்றைச் சர்க்கரைவள்ளி என்றும். இலங்கைத் தமிழர்கள் வற்றாளங்கிழங்கு என்பார்கள். எங்கள் பக்கம் பொங்கலன்று பானைக்கு முன்னால் பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனையோடு சீனிக்கிழங்கும் வரிசையில் இருக்கும். வெளியூர்க்காரன் என்ற நினைப்பே யாருக்கும் வராது.

ஓவன் இல்லாதவர்கள் இரும்புக் கடாயிலோ கனமான தோசைக்கல்லிலோ செய்யலாம். சொல்லப்போனால் அடிப்பக்க முறுகல் கல்லில்தான் இன்னும் நன்றாக வரும். ஹாட் பாக்ஸ் படி அப்படியே. துண்டைக் கொஞ்சம் தட்டையாக, முக்கால் அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவிய கல்லில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடி போட்டுச் சிறுதீயில் எட்டு நிமிடம், மூடியை எடுத்து நடுத்தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். மூடியைத் திறக்கும்போது அதில் தங்கிய நீர் கல்லில் சொட்டாமல் சட்டென்று பக்கவாட்டில் எடுங்கள். பூச்சும் தாளிப்பும் பழையபடியே, பூச்சு ஊற்றியதும் இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு 190 டிகிரியில் பதினெட்டு முதல் இருபது நிமிடம், நடுவில் ஒரு குலுக்கல், கடைசி மூன்று நிமிடத்தில் பூச்சு.

ஹாட் பாக்ஸ் சிறியது, கூட்டம் பெரியது என்றால் ஓவனிலேயே அந்த மெதுவான சூட்டைக் கொடுக்கலாம். எண்ணெய், மாவு எல்லாம் புரட்டிய துண்டுகளைத் தட்டில் பரப்பி அலுமினியத் தாளால் இறுக மூடி, சூடாகாத ஓவனில் வைத்து, 150 டிகிரிக்குத் திருப்பி முப்பத்தைந்து நிமிடம் விடுங்கள். ஓவனோடு சேர்ந்து கிழங்கும் மெல்லச் சூடேறும். பிறகு தாளை எடுத்துவிட்டு 210-க்கு ஏற்றி, சிவக்கும்வரை. இனிப்பு ஹாட் பாக்ஸ் அளவுக்கு வராது, ஆனால் நேராக 210-இல் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

எதோடு சாப்பிடுவது? மிளகு ரசம் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடுகறி எனக்குத் தெரியாது. ரசத்தின் மிளகு உறைப்பும் கிழங்கின் பாகு இனிப்பும் மாறி மாறி வரும். தயிர் சாதத்துக்கும் கீரை மசியலுக்கும் நன்றாக இருக்கும். பருப்பும் நெய்யும் போட்ட சாதத்துக்குக் குழந்தைகளுக்கு இதுவே போதும், மிளகாயைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வத்தக்குழம்பு வைக்கும் அன்று இதைச் செய்யாதீர்கள், இரண்டிலும் புளியும் வெல்லமும் நல்லெண்ணெயும் இருப்பதால் ஒன்றையொன்று அமுக்கிவிடும். அந்த ஜோடிதான் வேண்டுமென்றால் புளிப் பூச்சை விட்டுவிட்டு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் உப்பும் அரை மூடி எலுமிச்சையும் போதும். பிரியாணி, புலாவுக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் தாளிப்பில் உளுத்தம்பருப்புக்குப் பதில் சீரகம் போட்டு, மேலே வறுத்த வேர்க்கடலையை உடைத்துத் தூவலாம்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரைவள்ளி நல்லது, நார்ச்சத்து உள்ளது என்று கேள்விப்பட்டு இந்த ரோஸ்ட்டைத் தாராளமாக வைத்துவிடாதீர்கள். நாம் மெனக்கெட்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றியிருக்கிறோம். சுட்ட கிழங்கு அவித்த கிழங்கைவிட வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர்களுக்குத் தனியாக நாலு துண்டை நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அவித்து, அதே தாளிப்பைக் கொட்டி, தேங்காய்த் துருவலோடு கொடுங்கள். சோற்றோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டிய பண்டம் அது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

செய்த உடனே பரிமாறுங்கள். இருபது நிமிடம் தாண்டினால் பூச்சு ஈரத்தை இழுத்து மொறுமொறுப்பு போய்விடும், மூடி வைத்தால் பத்து நிமிடத்திலேயே போகும். விருந்தாளிகள் வரும் நாளில் ஹாட் பாக்ஸ் படியை முடித்து, துண்டுகளை ஆறவைத்துத் தயாராக வைத்துவிட்டு, இலை போடுவதற்கு நாற்பது நிமிடம் முன்னால் ஓவனில் ஏற்றினால் சரியாக இருக்கும். மிஞ்சியதை இப்போது ஃபிரிட்ஜில் வைக்கலாம், வெந்த கிழங்குக்கு அந்தத் தடை இல்லை. மறுநாள் காலை எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இரண்டு புரட்டு புரட்டிச் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுங்கள், அல்லது மசித்து அடை மாவில் கலந்துவிடுங்கள். அந்த அடைக்கு அவியல்கூட வேண்டாம், ஒரு துண்டு வெண்ணெய் போதும்.